ஒரே வீடு... ரெண்டு ரிப்போர்ட்!

'அவளுக்கென்ன... நல்லா சாப்பிடுறா, தூங்குறா. கோபம்தான் மூக்கு மேல வருது!' - இது எங்கம்மா.

'ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கமே வராதுக்கா. சும்மா கண்ணை மூடிட்டுப் படுத்திருப்பேன்!' - இது என் தங்கச்சி.

போன வருஷம் ப்ளஸ் ஒன் படிச்சப்போ, வயித்துவலின்னு அடிக்கடி லீவு போட்டா. ஸ்கேன்ல ஒண்ணுமில்லை. கடைசியா ஒரு மனநல டாக்டர்கிட்ட போனோம். அம்மாவுக்கு ஒரு தாள், தங்கச்சிக்கு ஒரு தாள். தனித்தனி ரூம். கவலை, பயம், கோபம், ஃப்ரெண்ட்ஸ்னு ரெண்டுலயும் கிட்டத்தட்ட அதே 25 கேள்விகள். ராபர்ட் குட்மன் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1997-ல் வெளியிட்ட கேள்வித்தாள் அது.

தங்கச்சி ஓகே சொன்ன பிறகு, ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சார் டாக்டர். அம்மா தாளில் கோபம் மட்டும். தங்கச்சி தாளில் கவலை, பயம், அழுகை. ஒரே பொண்ணைப் பத்திதான் எழுதினாங்களான்னு எனக்கே டவுட்!

''ஏண்டி எங்கிட்ட சொல்லலை?''

''நீ மார்க்கைப் பத்தி மட்டும்தானேம்மா கேட்ட?''

அம்மா அப்புறம் பேசவே இல்லை.

இது எங்க வீட்டு ஸ்பெஷல் இல்லைங்க. 1987-ல் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக் குழு 119 ஆய்வுகளை அலசியது. பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொன்னதும், பெற்றோர், ஆசிரியர் போன்றவர்கள் சொன்னதும் பொருந்திய அளவு சராசரியாக 0.22. அச்சுஅசலாகப் பொருந்தினால் 1! அடிதடி, முரட்டுத்தனம் வெளியே தெரியும். சோகமும் பயமும் உள்ளேயே இருக்கும். 2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இன்னும் பகீர். தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்ன 11 - 17 வயசுப் பிள்ளைகளில், சுமார் பாதிப் பேரின் பெற்றோருக்கு அது தெரியவே தெரியாது!

அப்போ யார் சொல்றது பொய்? யாருமே இல்லை. லேப்ல ஒரே மெஷினில் வெளியே ஒரு சென்சார், உள்ளே ஒரு சென்சார் வெச்சா ரெண்டு ரீடிங் வரும். எதையும் தூக்கிப் போட மாட்டோம். ரெண்டையும் பார்த்தால்தான் மெஷினோட நிலைமை புரியும்.

காலேஜ் வந்துட்ட நாம ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கிறோம். இந்த வாரம் வீட்டுக்குப் போன் போட்டா, தம்பி தங்கச்சிகிட்ட 'எவ்ளோ மார்க்?'னு கேட்காதீங்க. 'தூக்கம் வருதா?'னு கேளுங்க. பதில் பயமுறுத்தினால் 14416-க்குக் கூப்பிடலாம். மத்திய அரசின் இலவச 'டெலி மானஸ்' உதவி எண், தமிழிலும் பேசலாம்.

எங்கம்மா இப்பல்லாம் மார்க்கை ரெண்டாவதாத்தான் கேட்கிறாங்க!