தெருவை அழைத்துவந்த தலைப்பு

அரக்கோணத்து அறிவு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 2021-ல் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2019-ல், இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ என்ற ராப் தொகுப்பை அவர் வெளியிட்டார். ‘காலா’வுக்குப் பாட்டு எழுதியவர்தான். ஆனால் இது எந்தப் படத்துக்காகவும் எழுதியதல்ல. நாயகனுக்காக வரியைத் திருத்தச் சொல்ல ஆளில்லை.

பெயரைக் கவனியுங்கள். திருக்குறளின் ஒலியைச் சற்றே மாற்றினால் தெருக்குரல். சொல் விளையாட்டுதான். ஆனால், ‘தெரு’ நமக்குச் சாதாரணச் சொல்லா? பொதுத் தெருவில் யாரும் நடக்கலாம் என்பதற்கே 1924-ல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்த பெரியவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள்.

தொகுப்பில் ‘ஸ்னோலின்’ என்றொரு பாட்டு. 2018 மே மாதம் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது தூத்துக்குடியில் காவல்துறை சுட்டதில் 13 பேர் இறந்தனர். அவர்களில் ஒருவரான இளம்பெண்ணின் பெயர் அது. தலித் கலைஞர் தன் சேரியை மட்டும் பாடினால் போதும் என்பவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 14 வந்தால் வெளியூர்க் கச்சேரிக்கு முன்பணம் கொடுக்கிறோம். நல்லது. செல்போனில் பாட்டு எழுதிவைத்திருக்கும் நம் தெருப் பிள்ளைகளுக்கும் அதே மேடையில் அரை மணி நேரம் ஒதுக்கலாமே. பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.