மிச்சம் பிடிக்கிற இடமா இது?

தொழிலாளி வீட்டில் சிக்கனம் என்பது கட்டாயம். வாங்கிய கூலியில் வாடகை போக, அரிசி பருப்பு போக, பள்ளிக்கூடச் செலவு போக, எஞ்சியதில்தான் மருந்து. ஆகவே எதிலும் நாலு காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம். அதைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால், மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. குழந்தைக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்துதான் அது.

நம் வீடுகளில் நடப்பதென்ன? குழந்தைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ஆகவே தெருமுனை மருந்துக் கடையில், ‘நல்ல மருந்தாகக் கொடுங்கள்’ என்று வாங்குகிறோம். இது முதல் மிச்சம். பெரியவனுக்குப் போன மாதம் வாங்கிய புட்டியில் பாதி இருக்கிறதே என்று அதையே சின்னவளுக்குப் புகட்டுகிறோம், இது இரண்டாவது. மருத்துவர் ஐந்து நாள் எழுதியிருக்க, மூன்றாம் நாளே காய்ச்சல் தணிந்தது என்று புட்டியை அலமாரியில் ஏற்றுகிறோம், இது மூன்றாவது. இந்த மூன்று மிச்சமும் குழந்தைக்குக் கேடு. ஏன் என்று சொல்லுகிறோம்.

ஆன்டிபயாடிக் பாக்டீரியா என்னும் கிருமியைத்தான் தாக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது. குழந்தைகளுக்கு வரும் சளி, மூக்கொழுகல், பெரும்பாலான இருமல், தண்ணீராகப் போகும் பேதியில் பெரும்பகுதி எல்லாம் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது, கீழத் தெருவில் திருடன் இருக்க மேலத் தெருவில் தடியடி நடத்துவது போன்றது. அடி வாங்குவது குடலில் உள்ள நல்ல பாக்டீரியா. அதனால் வயிற்றுப்போக்கும் வரும். தண்ணீர்ப் பேதிக்கு வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மாத்திரையும். மலத்தில் இரத்தம் கண்டால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். எது எந்தக் கிருமி என்று கடைக்காரர் எப்படி அறிவார்?

சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது என்பது சட்டம். 2014 மார்ச் முதல், அவற்றுள் பலவற்றுக்கு மருத்துவர் பெயர், நோயாளி பெயர் எழுதிய தனிப் பதிவேட்டைக் கடைக்காரர் மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் ஏட்டில் இருக்கிறது. கடையில் இருக்கிறதா என்று அதிகாரிகளைக் கேட்கிறோம்.

அடுத்து, பழைய புட்டி. குழந்தைக்கு மருந்தின் அளவு எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஒரே பெயருள்ள மருந்தே 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதாகவும், 250 மில்லிகிராம் உள்ளதாகவும் வருகிறது. புட்டி மாறினால் அளவு இரட்டிப்பாகும், அல்லது பாதியாகும். தூளாக வரும் மருந்தைக் கரைத்துவிட்டால், லேபிளில் போட்டபடி 7 நாளோ 14 நாளோதான் அதற்கு ஆயுள். பிறகு கொட்டிவிட வேண்டியதுதான்.

கரைக்கவும் முறை உண்டு. புட்டியைத் தட்டித் தூளை உதிர்த்து, காய்ச்சி ஆறிய நீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் நீர் கோட்டுக்குக் கீழே இருந்தால் மீண்டும் கோடு வரை ஊற்றுங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்கியே கொடுங்கள். அளப்பதற்குப் புட்டியோடு வரும் மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ வேண்டும். சமையல் கரண்டி ஆகாது. பால் புட்டி நிறையக் கலந்து கொடுத்தால், குழந்தை பாதிப் பாலை வைத்துவிடும். மருந்தும் பாதி போகும். குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லும் மருந்தானால், வீட்டில் அது இல்லை என்பதை மருத்துவரிடம் கூசாமல் சொல்லுங்கள். நீரில் கரைத்துக் கொடுக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன. ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு வேளை மருந்தைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

மூன்றாவது, நாள் கணக்கு. 1941இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில், ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள். சாகக் கிடந்தவர் தேறினார். ஆனால் கைவசம் இருந்த மருந்து தீர்ந்தது. நோய் திரும்பியது, அவர் இறந்தார். அன்று மருந்து கிடைக்கவில்லை. இன்று புட்டியில் இருக்கும் மருந்தை நாமே நிறுத்துகிறோம்! பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே எச்சரித்தார்: குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாது, மருந்தை எதிர்க்கப் பழக்கிவிடும் என்று. அது பலித்துவிட்டது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்பது ஆய்வாளர் கணக்கு. அப்படிப்பட்ட கிருமி ஒரு வீட்டோடு நிற்காது. அடுத்த வீட்டுக் குழந்தையையும் பிடிக்கும். எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும். இரண்டு நாளில் குணம் தெரியாவிட்டால் அவரிடமே திரும்பப் போங்கள். கடையில் மருந்தை மாற்றாதீர்கள்.

மருந்து கொடுத்தபின் உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல் கண்டால், மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் என்றாலும், குழந்தை மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கினாலும், வலிப்பு வந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் அப்படியே. அப்போது கூலிக் கணக்குப் பார்க்காதீர்கள்.

இவ்வளவும் தொழிலாளியின் அறியாமை என்று சொல்லி ஒதுங்கிவிட நாம் தயாராயில்லை. ஏழைக்கும் பெனிசிலின் கிடைக்கவேண்டும் என்றுதான் 1954இல் பூனாவுக்கு அருகே பிம்ப்ரியில் அரசாங்கமே தொழிற்சாலை நிறுவியது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஈ.எஸ்.ஐ. அட்டை பெற்றவரின் மனைவி மக்களுக்கும் வைத்தியம் உண்டு. இருந்தும் வேலை நேரத்தில் வரிசையில் நிற்கச் சொன்னால், கூலிக்காரன் எங்கே போவான்? ஆலை விட்டு வருபவனுக்கும் மருத்துவர் கிடைக்கும்படி, மாலை வேளையில் எல்லா இடங்களிலும் புறநோயாளர் பிரிவு நடக்கவேண்டும். இதைச் சங்கங்கள் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

அதுவரை, தோழர்கள் சங்கக் கட்டடத்திலும் தேநீர்க் கடையிலும் ஒன்றைப் பரப்புங்கள். குழந்தைக்கு மருந்து எழுதும்போது கேட்க வேண்டிய கேள்வி மூன்று: இது ஆன்டிபயாடிக்கா? எத்தனை மில்லி, எத்தனை வேளை? எத்தனை நாள்? கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். பதில் சொல்வது மருத்துவரின் கடமை. சொன்னபடி முழுதும் கொடுப்பது நம் கடமை.