அதே வசனம்... வேறு வலி! கறுப்பின வீட்டுக்குள் நுழைந்த 'சேல்ஸ்மேன்'

63 வயதுக்காரர் ஒருவர், 36 வயது முதலாளியின் முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். ஊர் ஊராகக் கார் ஓட்டிப்போய் சரக்கு விற்க இனி உடம்பில் தெம்பில்லை, நியூயார்க் அலுவலகத்திலேயே ஒரு வேலை வேண்டும் என்கிறார். வாரம் 65 டாலர் போதும் என்று ஆரம்பித்து 50, 40 என்று அவரே குறைத்துக்கொண்டு வருகிறார். முதலாளிக்கோ புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில்தான் கவனம். அந்தக் காட்சி முடியும்போது பெரியவருக்கு இருந்த வேலையும் போய்விடுகிறது.

பேச்சுக்கு நடுவே, தன்னைவிட 27 வயது மூத்தவரை அந்த முதலாளி 'பையா' என்ற மாதிரி ஒரு வார்த்தையால் கூப்பிடுகிறார். பல வருடங்களாக இதைப் பார்த்த ரசிகர்களுக்கு அது வயதானவருக்கு நேரும் அவமானம். ஆனால், கூப்பிடுபவர் வெள்ளையராகவும், கேட்டுக்கொண்டு நிற்பவர் கறுப்பினத்தவராகவும் இருந்தால்? தாத்தா வயது கறுப்பினத்தவரையும் 'பையா' என்று அழைத்தே கீழே வைத்திருந்த நாடு அமெரிக்கா. எழுத்து மாறாமலேயே அந்த வார்த்தையின் கனம் கூடிவிடுகிறது.

ஆர்தர் மில்லர் எழுதிய 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தின் காட்சி இது. 1949 பிப்ரவரியில் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறி, 742 முறை நடந்து, புலிட்சர் பரிசும் வாங்கிய நாடகம். வில்லி லோமன் என்ற விற்பனைப் பிரதிநிதி, மனைவி லிண்டா, மகன்கள் பிஃப், ஹேப்பி... மனிதர்களிடம் நல்ல பெயர் எடுத்தாலே வாழ்க்கையில் ஜெயித்துவிடலாம் என்று நம்பி நொறுங்கிப்போகும் அப்பாவின் கதை. டஸ்டின் ஹாஃப்மன், பிலிப் சீமோர் ஹாஃப்மன் என்று பிராட்வேயில் வில்லியாக வந்த பெரிய நடிகர்கள் எல்லோரும் வெள்ளையர்கள்.

2019-ல் லண்டனின் 'யங் விக்' அரங்கம் இந்த வரிசையை உடைத்தது. மரியான் எலியட்டும் மிராண்டா குரோம்வெல்லும் சேர்ந்து இயக்கிய அந்தத் தயாரிப்பில் லோமன் குடும்பம் மட்டும் கறுப்பினக் குடும்பம். முதலாளி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் வெள்ளையர்கள். வில்லியாக வெண்டல் பியர்ஸ். 'சூட்ஸ்' தொடரில் மேகன் மார்க்கலின் அப்பாவாக வருவாரே, அவரேதான். லிண்டாவாக ஷாரன் டி. கிளார்க். சிறந்த நடிகை, சிறந்த இயக்கம் என இரண்டு ஆலிவியர் விருதுகளை வாங்கிய இந்த நாடகம், 2022-ல் பிராட்வேயின் ஹட்சன் அரங்கத்துக்கு வந்தது. 73 வருடங்களில் பிராட்வே பார்த்த முதல் கறுப்பின லோமன் குடும்பம் அதுதான்.

கண்ணை மூடிக்கொள்வதா, திறந்து வைப்பதா?

பழைய நாடகங்களில் கறுப்பின நடிகர்களை நடிக்க வைப்பதில் இரண்டு வழிகள் உண்டு. நிறத்தைக் கண்டுகொள்ளாமல், யார் நன்றாக நடிக்கிறாரோ அவருக்கு வேடம் கொடுப்பது ஒன்று. வெள்ளைக்கார அப்பாவுக்குக் கறுப்பின மகன் இருந்தாலும் கதையில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள், ரசிகரும் கேட்கக் கூடாது. இன்னொன்று, நடிகரின் நிறத்தைக் கதைக்குள்ளேயே கொண்டுவருவது. அந்தக் காலத்தில், அந்த ஊரில், இந்த மனிதர் கறுப்பினத்தவராக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒவ்வொரு காட்சியிலும் யோசிப்பது. சேல்ஸ்மேன் குழு எடுத்தது இரண்டாவது வழியை.

அப்படி யோசிக்க ஆரம்பித்தால் நாடகம் முழுக்க முடிச்சுகள். பாஸ்டன் ஹோட்டல் அறையில் வில்லியோடு ஒரு பெண் இருப்பதை மகன் பிஃப் பார்த்துவிடும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தயாரிப்பில் அந்தப் பெண் வெள்ளையர். இதைவிடச் சின்ன சந்தேகத்துக்கெல்லாம் தென் மாநிலங்களில் கறுப்பின ஆண்கள் கொல்லப்பட்ட காலம் அது. மனைவிக்குச் செய்த துரோகம் என்பதைத் தாண்டி, உயிரோடு விளையாடிய விஷயமாகிவிடுகிறது.

ஒரு சூட்டைத் திருடியதற்காக பிஃப் மூன்று மாதம் சிறையில் இருந்ததாக ஒரு தகவல் வரும். வெள்ளைக்கார பிஃப் என்றால் பொறுப்பில்லாத பிள்ளை என்று கடந்துபோகலாம். கறுப்பின இளைஞருக்கு அந்த மூன்று மாதம் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும் முத்திரை. பக்கத்து வீட்டு சார்லி, வாரம் 50 டாலருக்கு வேலை தருகிறேன் என்கிறார். வில்லி மறுக்கிறார். வழக்கமாக இதை வறட்டுக் கௌரவம் என்போம். வெள்ளைக்காரர் தரும் சலுகையில் வாழ மாட்டேன் என்ற ரோஷமாக இங்கே அது தெரியும்போது, வில்லி மீது வரும் எரிச்சல் பாதியாகக் குறைகிறது.

சில இடங்களில் மில்லரின் எழுத்தே முரண்டு பிடிக்கும். பள்ளியில் கால்பந்து நட்சத்திரமான பிஃப், தன் ஷூவில் 'வர்ஜீனியா பல்கலைக்கழகம்' என்று எழுதி வைத்துக்கொண்டு அங்கே சேரக் கனவு காண்பான். நிஜத்தில் அந்தப் பல்கலைக்கழகம் முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்ததே 1950-ல்தான். அதுவும் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, சட்டப் படிப்பில். நாடகத்தில் வரும் ஒற்றைப் பெயர்கூட இயக்குநரின் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஆகஸ்ட் வில்சனின் கோபம்

இந்த முயற்சியை எல்லோரும் கைதட்டி வரவேற்பார்கள் என்று நினைத்தால் தவறு. கறுப்பின வாழ்க்கையை எழுதிய மிகப் பெரிய அமெரிக்க நாடக ஆசிரியரே இதற்கு எதிராக நின்றவர். 'ஃபென்சஸ்', 'தி பியானோ லெசன்' எழுதிய ஆகஸ்ட் வில்சன், 1996 ஜூனில் பிரின்ஸ்டனில் நடந்த நாடகக்காரர்கள் மாநாட்டில் பேசினார். வெள்ளையர் வாழ்க்கையை வைத்து எழுதிய நாடகத்தில் கறுப்பின நடிகர்களை நிறுத்துவது, அவர்களுக்கென்று சொந்தக் கதையே இல்லை என்று சொல்வதற்குச் சமம் என்பது அவர் வாதம். அதற்கு அவர் பெயர் சொல்லிக் காட்டிய உதாரணம், இதே 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்'!

கோபத்துக்குக் கணக்கும் வைத்திருந்தார். நாட்டின் முக்கியமான தொழில்முறை அரங்கங்களின் கூட்டமைப்பில் 66 அரங்கங்கள். அதில் கறுப்பினத்தவருடையது என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. எங்களுக்கு மேடை கொடுங்கள் என்று கேட்டால் உங்கள் நாடகத்தில் ஒரு வேடம் கொடுக்கிறீர்களே என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. விமர்சகர் ராபர்ட் புருஸ்டீன் அவரைக் கடுமையாக எதிர்த்து எழுத, 1997 ஜனவரியில் நியூயார்க் டவுன் ஹாலில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். 2005-ல் வில்சன் இறந்தார். பியர்ஸின் வில்லியைப் பார்க்க அவர் இல்லை. ஆனால், அவர் முக்கியமாக எதிர்த்தது நிறத்தை மறைக்கும் வேடத்தை. நிறத்தை மறைக்காத இந்த வில்லி, அவர் வாதத்துக்குப் பாதி பதிலாவது சொல்கிறார்.

எதிர்த்திசையிலும் சண்டைகள் உண்டு. 2017-ல் ஒரேகான் மாநிலத்தில் ஒரு சின்ன நாடகக் குழு, எட்வர்ட் ஆல்பியின் 'ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா உல்ஃப்' நாடகத்தில் நிக் என்ற பாத்திரத்துக்குக் கறுப்பின நடிகரைத் தேர்வு செய்தது. ஆல்பியின் படைப்புகளுக்கு உரிமை வைத்திருந்தவர்கள் அனுமதி மறுத்தார்கள். நிக்கை வெள்ளைத் தோல், பொன்னிற முடி, நீலக் கண் என்று நாடகம் வர்ணிக்கிறது. அந்தக் காலத்தில் கலப்பு மணம் செய்த தம்பதியைப் பற்றி மற்றவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்திருக்க மாட்டார்கள் என்றார்கள். லாஜிக் சரிதான். ஆனால், அந்த லாஜிக்கால் ஒரு நடிகர் வாய்ப்பை இழந்தார்.

2015-ல் இன்னொரு அமெரிக்கப் பல்கலைக்கழகத் தயாரிப்பில், மார்ட்டின் லூதர் கிங்காக ஒரு வெள்ளை நடிகர்! 'தி மவுன்டன்டாப்' என்ற அந்த நாடகத்தை எழுதிய கட்டோரி ஹால் கொதித்துப்போனார். இதுவும் அதுவும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். ஒதெல்லோவாக வெள்ளை நடிகர்கள் முகத்தில் கறுப்புச் சாயம் பூசி நடித்த வழக்கம் நூற்றாண்டுகளைக் கடந்தது. 1964-ல்கூட லாரன்ஸ் ஆலிவியர் அப்படித்தான் மேடை ஏறினார். பால் ராப்சன் என்ற கறுப்பின நடிகர் பிராட்வேயில் ஒதெல்லோவாக நடிக்க 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கறுப்பினத்தவரின் சொந்த வேடமே அவர்கள் கைக்கு அவ்வளவு தாமதமாக வந்திருக்கிறது.

மில்லர் என்ன சொல்லியிருப்பார்? அவரும் 2005-ல் இறந்துவிட்டார். ஆனால், 1983-ல் அவரே பெய்ஜிங் போய், சீன நடிகர்களை வைத்து இதே நாடகத்தைச் சீன மொழியில் இயக்கினார். அமெரிக்கர் வேடம் என்றால் விக் வைத்து, முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டு நடிப்பது அங்கே வழக்கம். அதெல்லாம் வேண்டாம், சீனர்களாகவே நில்லுங்கள் என்றார் மில்லர். நாடகத்தை மொழிபெயர்த்த யிங் ரோசெங்தான் அங்கே வில்லி.

மறுபடியும் 2022. நாடகத்தின் கடைசியில், வில்லியின் கல்லறை முன்னால் லிண்டா உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக் கடனின் கடைசித் தவணையை அன்றுதான் கட்டியிருக்கிறார். கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்து, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று 1930-களில் அரசாங்கமே ஒதுக்கி வைத்த நாடு அது. அங்கே ஒரு கறுப்பினக் குடும்பம் 25 வருடம் தவணை கட்டி முடித்திருக்கிறது. வீடு சொந்தமாகிவிட்டது. குடியிருக்க வேண்டியவர்தான் இல்லை. ஷாரன் டி. கிளார்க் அழும்போது இந்தக் கணக்கும் சேர்ந்தே அழுகிறது.

இதே ஷாரன் டி. கிளார்க், 2016-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ஆகஸ்ட் வில்சனின் 'மா ரெய்னி' பாத்திரத்தில் நடித்தவர். இன்னொரு பொருத்தமும் உண்டு. பிராட்வேயில் சேல்ஸ்மேன் தொடங்கியது 2022 அக்டோபர் 9. நான்கே நாள் கழித்து, மூன்று தெரு தள்ளி, வில்சனின் 'தி பியானோ லெசன்' சாமுவேல் எல். ஜாக்சன் நடிப்பில் தொடங்கியது. 'அவெஞ்சர்ஸ்' படங்களில் நிக் ஃப்யூரியாக வருபவர்தான். அடுத்த மூன்று மாதங்களுக்கு இரண்டு நாடகங்களும் ஒரே நேரத்தில் நடந்தன. மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று பார்த்துவிட்டு வீடு திரும்பவும் வசதி இருந்தது.