97 நாட் அவுட்!

நங்கநல்லூரில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்னப் பூங்கா. அங்கே வேப்பமரத்தடி பெஞ்ச் பத்து வருடமாக எங்கள் நாலு பேருக்குச் சொந்தம். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வாத்தியார், தபால், ரயில்வே, பேங்க். பேங்க் என்பது அடியேன். ரிட்டயர் ஆனாலும் வேலை பார்த்த இடம் நம்மை விடாது!

காலை ஆறு மணிக்கு மூன்று சுற்று நடை. பிறகு ஒரு மணி நேரம் பேச்சு. மூட்டுவலித் தைலத்தில் ஆரம்பித்து எங்கே சுற்றினாலும், கடைசியில் 1975 பொங்கல் டெஸ்ட்டில் வந்து நிற்கும். ரயில்வே அதைச் சேப்பாக்கத்தில் நேரில் பார்த்தவர். நான் ரேடியோவில் கேட்டவன். அந்த ஒரு காரணத்துக்காகவே கடைசிவரை அவர் எனக்கு சீனியர்.

இளைய வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எதிரணி வெஸ்ட் இண்டீஸ். ஆண்டி ராபர்ட்ஸின் வேகத்தில் நம் விக்கெட்டுகள் சரிந்தன. முதல் இன்னிங்ஸில் அவருக்கு மட்டும் ஏழு. நாம் எடுத்தது 190. அதில் பாதிக்கு மேல் ஒரே ஆள், குண்டப்பா விஸ்வநாத். 97 நாட் அவுட். சதத்துக்கு மூன்று ரன் பாக்கி. அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. எதிர்முனையில் நிற்க ஆள் தீர்ந்துபோனது, அவ்வளவுதான். கடைசி ஆள் சந்திரசேகர். டெஸ்ட்டில் 242 விக்கெட் எடுத்த மனிதர், அடித்த ரன் மொத்தமே 167! அந்த மேட்சை 100 ரன் வித்தியாசத்தில் நாம் ஜெயித்தோம்.

வாத்தியார் இரண்டு வருடத்துக்கு முன் போனார். தபால் குளியலறையில் வழுக்கி விழுந்ததும், மகள் வந்து கோவைக்கு அழைத்துப் போய்விட்டாள். போன ஆனியில் ரயில்வே. ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை.

காரியங்கள் முடிந்தபின் அவர் மகன் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். என்னுடையதுதான். ரோமாபுரியின் சிசரோ முதுமை பற்றி எழுதிய சின்ன நூல், ஆங்கில மொழிபெயர்ப்பு. பைகிராஃப்ட்ஸ் சாலை பழைய புத்தகக் கடையில் 40 ரூபாய்க்கு வாங்கியது. நடுவே அடையாளத்துக்கு ஒரு மருந்துக்கடை பில் இருந்தது. பாதிதான் படித்திருக்கிறார்.

கி.மு. 44-ல் சிசரோ இதை எழுதியபோது அவருக்கு வயது 62. முந்தைய வருடம்தான் மகள் டுல்லியாவைப் பறிகொடுத்திருந்தார். 84 வயது கேட்டோ என்ற பெரியவர் இரண்டு இளைஞர்களிடம் பேசுவதுபோல் எழுதியிருக்கிறார். வயதான பிறகு கிரேக்கம் கற்றேன், உடம்பு தளர்ந்தால் என்ன, புத்திக்கு வேலை கொடுத்தால் போதும் என்று கேட்டோ உற்சாகமாகப் பேசிக்கொண்டே போவார். "அவருக்கென்ன, வீட்டு வேலைக்கு அடிமைகள் இருந்தாங்க. ஓ.டி.பி. பார்க்கக் கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை" என்று நான் ரயில்வேயிடம் கிண்டலடித்திருக்கிறேன்.

இப்போது அவர் நிறுத்திய பக்கத்திலிருந்து படித்தேன். கடைசிப் பக்கங்களில் கேட்டோ, தனக்கு முன்னால் போய்விட்ட மகனைப் பற்றிப் பேசுகிறார். இந்தப் பிரிவு ரொம்ப நாள் நீடிக்காது, அவனிடம் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்ற எண்ணத்தில்தான் தாங்கிக்கொள்கிறாராம். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. வந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

புத்தகத்தை மூடிவைத்தேன். மூன்று வாரம் பூங்காப் பக்கமே போகவில்லை. மனைவியிடம் முட்டி வலி என்றேன். 38 வருடமாக என்னைப் படிப்பவள், நம்பவில்லை. "பால் வாங்கிட்டு அப்படியே ஒரு சுத்து போயிட்டு வாங்க" என்று பையைக் கையில் திணித்தாள்.

பெஞ்சில் பூங்கா வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தார். "உட்காருங்க" என்றேன். பத்து வருடத்தில் கேட்டைத் திறக்கச் சொன்னதைத் தவிர அவரிடம் நான் எதுவும் பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அரியலூர் பக்கத்து ஊர்க்காரர். வயது 63. இளமையில் ஊர் ஊராகப் போய்க் கபடி ஆடியவராம். இடது கைச் சுண்டுவிரல் இன்னும் வளைந்தே இருக்கிறது.

"நாலு பேரும் சத்தமா பேசுவீங்களே சார், அந்த 97... கடைசி ஆள் போயிட்டா அவரும் வெளிய வந்துடணுமா?"

"ஆமா. நாட் அவுட்டா நின்னாலும் வந்துடணும்."

"அது என்ன சார் ஆட்டம்? கபடில ஒருத்தன் தனியா நின்னாலும் ஆட்டம் இருக்கு. பாடிட்டுப் போய் ஒருத்தனைத் தொட்டுட்டு வந்தாப் போதும். வெளிய உட்கார்ந்திருக்கிறவன் ஒருத்தன் உள்ள வந்துடுவான்."

"யாரு? நாம கேக்கிற ஆளா?"

"அதெப்படி சார்? முதல்ல வெளிய போனவன்தான் முதல்ல உள்ள வரணும்."

அப்படியானால் வாத்தியார் என்று மனம் தன்னால் கணக்குப் போட்டது. சிறிது நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு ஃபிளாஸ்க்கில் காபியும் இரண்டு டம்ளரும் எடுத்துப் போனேன். அவருக்குச் சர்க்கரை வியாதி என்று முதல் நாளே கேட்டுவைத்திருந்ததால், இனிப்பில்லாத காபி. இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்து தபாலுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"யாரு, பேங்க்கா? என்னய்யா, இன்னும் சந்திரசேகர்கிட்டதான் நிக்கிறீரா?" என்றது கோவையிலிருந்து அந்தப் பழைய குரல்.