உதிரிபாகத்தின் விலை எதற்கு?

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஒரு கார் செல்வதாகக் கொள்வோம். அதன் நிறை 1,000 கிலோகிராம். குறுக்கே ஒரு மாடு வர, ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். காரிலிருந்த 2 லட்சம் ஜூல் இயக்க ஆற்றல் எங்கே போயிற்று? பெரும்பகுதி பிரேக் பேட்டின் உராய்வால் வெப்பமாகிவிட்டது. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வெப்பம் தாராளமாகப் போதும்!

இச்சூட்டிலும் உராய்வு குறையாதிருப்பதே நல்ல பேட்டின் இலக்கணம். இதைத் தருவது பேட்டின் கலவைப் பொருள். பெட்டியின் மேலுள்ள கார்க் கம்பெனியின் முத்திரை அன்று.

பல உதிரிபாகங்களைக் கார்க் கம்பெனிகள் தாமே செய்வதில்லை. வேறு ஆலைகளிடம் வாங்கித் தம் பெயரில் விற்கின்றன. அந்த ஆலைகள் வெளிச்சந்தையில் விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டுவிட்டால், விற்பவர் ஒருவரே. அவர் சொன்னதே விலை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் இத்தகைய கட்டுப்பாடுகளைக் கண்டித்து, 14 கார்க் கம்பெனிகளுக்கு ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்கள் வெளியிலும் கிடைக்க வழிசெய்யுமாறு ஆணையிட்டது. சில கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன.

அப்படியானால் மலிவாகக் கிடைப்பதை வாங்கிவிடலாமா? கூடாது. போலிப் பேட் சூடேறியதும் பிடிப்பை இழக்கக்கூடும். பிரேக்கின் விசை பாதியானால், கார் நிற்கும் தூரம் இருமடங்காகும்; மாடும் தப்பாது, நாமும் தப்போம்.

ஆகவே வெளியில் வாங்கும்போது தயாரித்த ஆலையின் பெயர், பாக எண், ரசீது ஆகிய மூன்றையும் பாருங்கள். தரத்துக்கு விலை கொடுங்கள். வெறும் முத்திரைக்கு வேண்டாம்.