சாய்கோடுகள் நிறைந்த நாட்காட்டி

அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்கு நேரம் குறிப்பவர், அழைக்கப்படவிருக்கும் ஒவ்வொருவரும் எப்போது ஓய்வாக இருப்பார், எப்போது அலுவலில் இருப்பார் என்பதை அவர்களைக் கேட்காமலேயே அறிந்துகொள்ள மின்னஞ்சல் சர்வர்கள் வழிசெய்கின்றன. கணினித் துறையினர் ஃப்ரீ–பிஸி என்று அழைக்கும் இத்தகவலைத் தரும் அமைப்புகளில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வரும், பயனாளரின் கணினியிலிருந்து அதனுடன் உரையாடும் அவுட்லுக்கும் பரவலாகப் புழங்குபவை. அவுட்லுக்கில் கூட்டம் குறிக்கும் திரையில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு வரிசை விரிந்து, அலுவல் உள்ள நேரம் வண்ணத்திலும் ஓய்வு நேரம் வெறுமையாகவும் தெரியும். சில வேளைகளில் ஒருவருடைய வரிசை முழுவதும் சாய்கோடுகளால் நிரம்பிவிடுகிறது. அவருடைய நாட்காட்டியைப் பற்றிய விடை சர்வரிடமிருந்து வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். வண்ணம் எதுவும் தெரியாததால் அவர் ஓய்வாக இருப்பதாகக் கருதிப் பலர் கூட்டத்தைக் குறித்துவிடுவதால், அஞ்சலே நின்றுபோகும் கோளாறைவிட இது அதிகக் கவனத்துக்கு உரியது.

எக்ஸ்சேஞ்ச் 2003 வரை ஒவ்வொருவரின் அவுட்லுக்கும் அவரது நேரக் குறிப்பைச் சர்வரில் உள்ள ஒரு பொதுக் கோப்புறையில் அவ்வப்போது பதிந்து வைக்க, மற்றவர்கள் அந்தப் பதிவைப் படித்துக்கொண்டார்கள். பதிவு பழையதாகிவிட்டால் தவறான நேரம் தெரியும். 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த அவெய்லபிலிட்டி சர்வீஸ் என்னும் சேவை, கேள்வி எழும் அந்தக் கணத்திலேயே உரியவரின் அஞ்சல்பெட்டியைத் திறந்து நாட்காட்டியை நேரடியாகப் படிக்கிறது. இதனால் தகவல் பழையதாகும் குறை பெரும்பாலும் நீங்கியது; ஆனால் கேள்வி கடந்து செல்ல வேண்டிய வாயில்கள் பெருகின. பொதுக் கோப்புறைக் காலத்துப் பரிகாரங்களை இன்றைய சர்வர்களில் முயன்று பார்ப்பது வீண் வேலை.

முதலில் அவுட்லுக், ஆட்டோடிஸ்கவர் என்னும் தானியங்கி வழிகாட்டு ஏற்பாட்டின் மூலம், நாட்காட்டிச் சேவை எந்த இணைய முகவரியில் இருக்கிறது என்று கேட்டறிகிறது. பிறகு அந்த முகவரியுடன் மறையாக்கம் செய்த இணைப்பை ஏற்படுத்தி, சர்வர் அளிக்கும் டிஜிட்டல் சான்றிதழைச் சரிபார்த்து, பயனாளரின் அடையாளத்தை மெய்ப்பிக்கிறது. இறுதியாகச் சர்வர், கேட்கப்பட்டவரின் அஞ்சல்பெட்டி எங்குள்ளது என்று கண்டு, கேட்பவருக்கு அனுமதி உண்டா என்று பார்த்து விடையளிக்கிறது. எந்த வாயில் அடைபட்டிருந்தாலும் பயனாளர் காண்பது அதே சாய்கோடுகளைத்தான்.

ஆகவே யாருக்கு யாருடைய நேரம் தெரியவில்லை என்று விசாரிப்பதே முதற்பணி. ஒருவருடைய நேரம் மட்டும் எவருக்கும் தெரியாவிட்டால் அவரது நாட்காட்டியையும், ஒருவருக்கு மட்டும் எவருடைய நேரமும் தெரியாவிட்டால் அவரது கணினியையும் முதலில் ஐயுற வேண்டும். அடுத்த சோதனை எளியது, ஆனால் மிகுந்த பயன் தருவது: அதே பயனாளர், பிரௌசர் வழியாகத் தம் அஞ்சலுக்குள் நுழைந்து அதே நபருடைய நேரத்தைப் பார்க்க வேண்டும். பிரௌசர் வழி வரும்போது நேரத் தகவலைத் தேடும் வேலையைச் சர்வரே செய்துவிடுவதால், அங்கே தெரிந்து அவுட்லுக்கில் மட்டும் தெரியாவிட்டால் கோளாறு கணினிக்கும் சர்வருக்கும் இடைப்பட்ட வழியில் இருக்கிறது என்று ஏறத்தாழ உறுதிசெய்யலாம்.

அந்த இடைவழியை ஆராய விண்டோஸில் இயங்கும் வழக்கமான அவுட்லுக்கிலேயே ஒரு கருவி உண்டு. திரையின் கீழ் மூலையில் கடிகாரத்தின் அருகிலுள்ள அவுட்லுக் சின்னத்தின் மீது, கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு வலப்பக்கச் சொடுக்குச் செய்தால், மின்னஞ்சல் தானியங்கு அமைப்பைச் சோதிக்கும் வாய்ப்புத் தோன்றும். அதன் முடிவில் நாட்காட்டிச் சேவையின் முகவரி இடம்பெறவில்லையெனில் ஆட்டோடிஸ்கவரைத் திருத்த வேண்டும். முகவரி இருந்தால் அதை அப்படியே பிரௌசரில் இட்டுப் பார்க்கலாம். சான்றிதழ் எச்சரிக்கை எழுந்தால், சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். அல்லது அதைப் புதுப்பித்தவர்கள் சர்வரின் பெயர்களுள் ஒன்றைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். நேற்றுவரை இயங்கிய வசதி ஒரே நாளில் எல்லோருக்கும் நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டியது சான்றிதழைத்தான். எச்சரிக்கையின்றிப் பயனாளர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்பட்டு, அவற்றைச் சரியாக இட்ட பிறகும் மறுக்கப்பட்டால் அடையாளச் சோதனையில் தடை உள்ளது. இவை தவிர, அலுவலகத்தின் இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் ப்ராக்ஸி சர்வர், உள்ளிருக்கும் அஞ்சல் சர்வருக்கான கேள்வியையும் வெளியே திருப்பிவிடுவது உண்டு.

ஒருவருடைய வரிசை மட்டும் மறைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் அனுமதியே. எக்ஸ்சேஞ்சின் இயல்பான ஏற்பாட்டில், நிறுவனத்தில் உள்ள எவரும் மற்றவருடைய ஓய்வு, அலுவல் நேரங்களை மட்டும் காணலாம். சந்திப்பின் விவரங்களைக் காண முடியாது. தனிமையைப் பேணும் நோக்குடன் நாட்காட்டி அமைப்புகளில் டிஃபால்ட் என்ற வரிக்குரிய அனுமதியை ஒருவர் முற்றிலும் நீக்கிவிட்டால், இந்த அளவான பகிர்வும் அற்றுப்போகிறது. அது அவருடைய உரிமை என்பதால், நிர்வாகி அவரைக் கேட்காமல் அதை மாற்றுவது முறையன்று. நேரம் மட்டும் தெரியும் நிலையையே திரும்ப வைத்தால் போதும் என்று எடுத்துச்சொல்லலாம்.

நிறுவனத்தின் அஞ்சல்பெட்டிகளில் ஒரு பகுதி சொந்தச் சர்வரிலும் மறுபகுதி மைக்ரோசாஃப்ட் 365 மேகச் சேவையிலும் இருக்கையில் கோளாறு கடினமாகிறது. இங்கே ஒரு சர்வரின் கேள்வியை மற்றொரு சர்வர் நம்பி ஏற்க வேண்டியிருக்கிறது. இந்த நம்பிக்கை, குறுகிய காலமே செல்லுபடியாகும் டோக்கன் என்னும் மின்னணுச் சீட்டால் மெய்ப்பிக்கப்படுவதால், சர்வரின் கடிகாரம் சில நிமிடங்கள் பிறழ்ந்தாலும் சீட்டு மறுக்கப்படலாம். இரு தரப்பும் தத்தம் பக்கத்தில் தனித்தனியே இந்த உறவை வரையறுக்க வேண்டும் என்பதால், இங்கிருந்து அங்கே தெரிந்தும் அங்கிருந்து இங்கே தெரியாத நிலை அடிக்கடி ஏற்படுகிறது. ஆகவே இரு திசைகளையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். பகிர்வை ஒரு குறிப்பிட்ட குழுவினருக்கு மட்டும் உரியதாக்கவும் எக்ஸ்சேஞ்ச் இடமளிக்கிறது. அவ்வாறு அமைத்த நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவருடைய நேரம் மட்டும் மறுபுறத்தில் தெரியவில்லையெனில், சான்றிதழையும் டோக்கனையும் ஆராய்வதற்கு முன், அவர் பெயர் அக்குழுவில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நலம்.