பாட்டுக்குப் படம்

கோயமுத்தூரிலிருந்து பல்லடம், காங்கயம் வழியாகக் கரூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும், திருப்பூரிலிருந்து தெற்கே தாராபுரத்துக்கு இறங்கும் சாலையும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் அமைந்த அவிநாசிபாளையத்துக்கு, வடக்கே திருப்பூரின் பனியன் கம்பெனிகளும், மேற்கே பல்லடத்து விசைத்தறிகளும், கிழக்கே காங்கயத்து அரிசி ஆலைகளும் தேங்காய்க் களங்களும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை எதிர்பார்த்து மானாவாரிக் காடுகளின் நடுவே நிற்கும் காற்றாலைகளும் அண்டை அயலாக வாய்த்திருக்கின்றன. ஆதலால், இப்பக்கத்துக் கல்லூரிகளில் ‘விஸ்காம்’ என்று சுருக்கமாக வழங்கும் காட்சித் தொடர்பியல் பயிலும் மாணாக்கர்கள், பாடத்தின் ஓர் அங்கமாக மூன்று நான்கு நிமிஷப் பாடற்காட்சி ஒன்றைத் தயாரித்துக் கொடுக்க வேண்டிய பருவம் வந்ததும், இவ்வட்டாரத்தைத் தேடிக்கொண்டு வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. செலவில்லாமல் இத்தனை விதமான பின்னணி வேறெங்கே கிடைக்கும்?

அவர்களை வேடிக்கை பார்க்கும் ஊர்க்காரர்களுக்குத் தோன்றும் முதற் சந்தேகம் நியாயமானது. காமிரா இருக்கிறது, அதைத் தாங்க முக்காலி இருக்கிறது, வெளிச்சத்தை முகத்தின்மேல் திருப்பிவிட வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை ஏந்தி ஒரு பையன் வெயிலில் நிற்கிறான். பாடுகிறவள் முன்னால் மட்டும் ஒன்றையும் காணோம். “மைக்கே காணோமே கண்ணு, பாட்டை எப்படிப் புடிப்பீங்க?” என்று ஒரு மூதாட்டி கேட்டால், “பாட்டு முன்னாலயே எடுத்தாச்சுங்க ஆத்தா, இப்ப வாயசைப்பு மட்டுந்தானுங்க” என்று பதில் வரும். நெசவில் பாவு ஓட்டித் தறியில் இழுத்துக் கட்டிய பிறகுதான் ஊடை பாய்கிறது; பாடற்காட்சியில் அப்படி முதலில் கட்டப்படுவது பாட்டு. அதன் நீளமும் காலப்பிரமாணமும் ஒரு முறை நிர்ணயமாகிவிட்டால் பின்னர் எவராலும் மாற்ற முடியாது. படங்கள்தாம் அதற்கு அடங்கி வந்து சேர வேண்டும்.

இந்த ஏற்பாடு சினிமாவோடு கூடப் பிறந்ததன்று. தமிழில் பேச்சும் பாட்டும் முதன்முதலாகத் திரையில் ஒலித்த ‘காளிதாஸ்’ 1931-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அக்காலத்தில் நடிகரே பாடகராகவும் இருந்தாக வேண்டும். அவர் காமிராவின் முன்னே நடித்துக்கொண்டே பாட, ஆர்மோனியக்காரரும் தபேலாக்காரரும் படத்தில் விழாதபடி மரத்தின் மறைவிலோ திரைச்சீலையின் பின்னாலோ உட்கார்ந்து வாசிப்பார்கள். நடிகர் நடந்து சென்றால் வாத்தியங்களும் அவரைப் பின்தொடர வேண்டும். நடுவில் ஒரு காக்கை கரைந்துவிட்டால் பல்லவியிலிருந்து மறுபடியும் ஆரம்பம். இந்த அவஸ்தையிலிருந்து விடுதலை கண்டவர்களுள் முக்கியமானவர் கல்கத்தா நியூ தியேட்டர்ஸைச் சேர்ந்த நிதின் போஸ். 1935-இல் வங்காளியிலும் ஹிந்தியிலும் அவர் எடுத்த படத்தில் பாட்டு தனியே பதிவாகி, பிறகு காட்சி படமாயிற்று. தமிழில் அதைச் செய்து காட்டியவர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். 1938-இல் வந்த அவருடைய ‘நந்தகுமார்’ படத்தில் திரையில் ஒரு நடிகை வாயசைக்க, கேட்டது லலிதா வெங்கட்ராமனின் குரல். அவரே 1945-இல் ‘ஸ்ரீவள்ளி’ எடுத்தபோது இதைத் தலைகீழாகவும் செய்தார். கதாநாயகி ருக்மிணியின் பாட்டு திருப்தி தராமற்போகவே, எடுத்து முடித்த படத்தின் உதட்டசைவுக்குப் பொருந்துமாறு பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்துக் குரலை மாற்றிவிட்டார். பாட்டுக்கு உதட்டை இணைப்பதே சிரமம். உதட்டுக்குப் பாட்டை இணைப்பது அதனினும் எத்தனை மடங்கு சிரமமென்பதை, இன்று கணினியில் இரண்டு வரிக்கு அப்படிச் செய்து பார்க்கும் மாணவன் உடனே அறிந்துகொள்வான். பின்னாளில் படப்பிடிப்புத் தளங்களில் பாட்டை ஓடவிட வந்து சேர்ந்தது, ஸ்டெபான் குடெல்ஸ்கி என்பவர் ஸ்விட்ஸர்லாந்தில் உருவாக்கிய நாக்ரா என்னும் ஒலிநாடாக் கருவி. எத்தனை முறை திருப்பி ஓட்டினாலும் வேகம் பிசகாமை அதன் விசேஷம். அந்த வேலையை இப்போது கைப்பேசியே செய்துவிடுகிறது.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் முதல் வாரத்தை விரயம் செய்கின்றன. பிரசித்தமான சினிமாப் பாட்டை எடுத்துக்கொள்ளும் ஆசை எல்லாருக்கும் உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாடம் பயிலும்பொருட்டு ஆசிரியரும் மாணவரும் செய்யும் சில காரியங்களுக்கு விலக்கு அளிக்கிறதாயினும், வகுப்பறைக்குள் காட்டுவது வேறு, யூடியூபில் ஏற்றி உலகுக்கெல்லாம் காட்டுவது வேறு. அங்கே பாட்டின் சொந்தக்காரரை யந்திரமே அடையாளம் கண்டு எச்சரிக்கை அனுப்பிவிடும். கொங்கு நாட்டில் இப்போது ஊருக்கு ஊர் அரங்கேற்றம் நடந்துவரும் வள்ளி கும்மியின் கால்வைப்பையும் கைத்தட்டையும் ஆதாரமாகக் கொண்டு, வகுப்புத் தோழர் ஒருவர் புதிதாக வார்த்தை கட்டிப் பாடுவாரானால், வழக்கும் இல்லை, இந்த மண்ணுக்கு அந்நியமான கோலமும் இல்லை என்பது என் அபிப்பிராயம். கைத்தட்டு கண்ணுக்கும் தெரியும், காதுக்கும் கேட்கும். படத்தை எங்கே வெட்டுவது என்று திகைக்கும் மாணவனுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

பாட்டு கையில் வந்ததும் காமிராவைத் தொடாமல் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். நிமிஷத்துக்கு 100 தட்டு விழும் பாட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டுக்கு 0.6 விநாடி. நம் காமிரா விநாடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப்படங்கள் எடுக்குமானால் ஒரு தட்டுக்குச் சரியாக 15 பிரேம். எட்டுத் தட்டு கொண்ட ஒரு சுற்றுக்கு 120 பிரேம். நான்கு நிமிஷப் பாட்டில் இத்தகைய சுற்றுகள் 50, பிரேம்கள் 6,000. சுற்றுக்கு ஒரு ஷாட் என்று எளிதாகக் கணக்கிட்டாலும் ஐம்பது ஷாட் வேண்டும். பல்லவி எந்த விநாடியில் தொடங்குகிறது, இடையிசை எத்தனை சுற்று, சரணத்தில் முகம் தெரிய வேண்டிய வரிகள் எவை என்று கட்டம் போட்டு எழுதி, ஒவ்வொரு கட்டத்துக்கு எதிரிலும் இடம், உடை, ஆள், பகலா மாலையா என்பவற்றைக் குறித்துவிட்டால் அதுவே ஷாட் டிவிஷன். இதை எழுதாமல் போகிறவர்கள் காற்றாலைக்குக் கீழே ஒரு மாலைப்பொழுது முழுவதும் பல்லவியையே ஒன்பது விதமாக எடுத்துவிட்டு, சரணத்துக்கு ஒன்றுமில்லாமல் வீடு திரும்புவார்கள். தாளம் 100 என்றல்லாமல் 96 என்று அமைந்தாலோ, தட்டுக்குப் பதினைந்தரையும் கொஞ்சமும் பிரேம் வரும். பாட்டைத் தாமே பதிவு செய்கிறவர்கள் இந்தத் தொல்லையை முதலிலேயே தவிர்த்துக்கொள்ளலாம்.

இனி, விசைத்தறிக் கூடம். நாடா பாய்ந்து அடிக்கும் பழைய தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் வேலை செய்கிறவர்கள் கையசைவாலும் உதட்டசைவாலும் பேசிக்கொள்ளப் பழகியவர்கள். அங்கே கொண்டுபோய் வைக்கும் சின்ன ஒலிபெருக்கி ஊமைக்குச் சமானம். நேரடியாகப் பேச்சைப் பதிவு செய்யும் குறும்படக்காரன் அந்தக் கூடத்தின் பக்கமே தலைகாட்ட முடியாது. பாடற்காட்சி எடுக்கிறவனுக்கோ அவ்வளவு சப்தமும் ஒரு பொருட்டன்று, ஏனெனில் அங்கே பதிவாகும் ஒலி எதுவும் கடைசியில் நிற்கப்போவதில்லை. பாடுகிறவள் காதில் மட்டும் பாட்டு விழுந்தால் போதும். கம்பியில்லாக் காதொலிப்பானைக் கூந்தலுக்குள் மறைத்து வைக்கிறார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: புளூடூத் வழியே வரும் பாட்டு விநாடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ தாமதித்தே காதை அடைகிறது. ஐந்தில் ஒரு விநாடி என்றால் ஐந்து பிரேம். தாமதம் மாறாமல் ஒரே அளவாக இருப்பதால், பின்னர் படத்தை அந்த அளவுக்கு முன்னே தள்ளிச் சரிசெய்துவிடலாம். மின்வாரியம் மாதாந்தரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாளில் போனால் நிசப்தம் கிடைக்கும் என்று சிலர் சாமர்த்தியம் பேசுவார்கள். அன்று தறியும் ஓடாது என்பது கூடத்துக்குள் நுழைந்த பிறகே அவர்கள் நினைவுக்கு வரும். தாவணியையும் அவிழ்ந்த கூந்தலையும் ஓடும் பெல்ட்டுக்கு எட்டாமல் ஒதுக்கி, எந்தத் தறியருகே எவ்வளவு தூரம் நிற்கலாமென்று தறிக்காரரிடம் கேட்டுக்கொண்ட பிறகே முதல் ஷாட்டை ஆரம்பிக்க வேண்டும்.

சப்தத்தைப் போலவே அங்குள்ள வெளிச்சத்துக்கும் ஒரு தாளம் உண்டு. அது நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னுமாகப் பாய்வதால், கூடத்துக் குழல்விளக்குகள் விநாடிக்கு நூறு முறை மங்கி மங்கிப் பிரகாசிக்கின்றன. காமிராவின் ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு விநாடி திறந்திருந்தால் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு அடங்கும். எல்லாப் பிரேமும் ஒரே வெளிச்சம். நூறில் ஒரு பங்கானால் ஒரு துடிப்பு, அதுவும் சரி. அமெரிக்க வழக்கப்படி அறுபதில் ஒரு பங்கு என்று வைத்துவிட்டாலோ ஒன்றரைக்குச் சற்று அதிகமான துடிப்பு விழுந்து, பிரேமுக்குப் பிரேம் வெளிச்சம் மாறி, படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஊர்ந்து செல்லும். அந்நாட்டு மின்சாரம் விநாடிக்கு அறுபது முறை அப்படி முன்னும் பின்னுமாகப் பாய்வது. அங்கே அந்த அளவு பொருந்தும். யூடியூபில் வெளிநாட்டார் சொல்லிக்கொடுப்பதை அப்படியே பின்பற்றி, ஒரு நாள் படப்பிடிப்பைப் பட்டைகளுக்குப் பறிகொடுக்கும் குழுக்கள் உண்டு.

அதே கூடத்தில், கதவிடுக்கு வழியாகக் காலை வெயில் சாய்வாக விழும்போது, காற்றில் மிதக்கும் பஞ்சுத் தூசி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அதை மெதுவாக மிதக்கவிட்டு, நடுவில் நிற்பவளின் வாய் மட்டும் பாட்டோடு பிசகாமல் பொருந்தும்படி எடுக்க ஓர் உபாயம் இருக்கிறது. பாட்டை இருமடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாடுகிறவள் அந்த அவசரத்துக்கு ஈடுகொடுத்து வாயசைக்க, காமிராவை விநாடிக்கு 50 பிரேம் வீதம் ஓட்டுகிறார்கள். பின்னர் 25 பிரேம் வீதம் காட்டும்போது உதடு சரியான வேகத்துக்கு இறங்கிவிடும். தூசியும் முந்தானையும் பாதி வேகத்துக்குத் தணிந்துவிடும். படப்பிடிப்பில் பார்த்தால் சிரிப்பாக இருக்கும். திரையில் சொப்பனம் போல இருக்கும். இதற்கும் ஒருபடி மேலே, 2002-இல் வந்த கோல்ட்பிளே குழுவின் ‘தி சயின்டிஸ்ட்’ பாடற்காட்சிக்காக அதன் பாடகர் கிறிஸ் மார்ட்டின் முழுப் பாட்டையும் பின்னிருந்து முன்னாகப் பாடக் கற்றுக்கொண்டார். படத்தைத் திருப்பி ஓட்டியபோது உலகமெல்லாம் பின்னோக்கி நடக்க, அவர் வாய் மட்டும் நேராகப் பாடிற்று.

வெட்டவெளியில் வேறு கணக்கு. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. ஒரு பிரேம் கழிவதற்குள் பதினான்கு மீட்டர்கூட முழுமையாகக் கடப்பதில்லை. ஒலிபெருக்கியைக் காமிராவின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கும்மிக்காரர்களைச் சோளக்காட்டின் மறுகோடியில் முப்பது மீட்டருக்கு அப்பால் நிறுத்தினால், அவர்கள் இரண்டு பிரேம் பிந்தியே தட்டுவார்கள். ஆகையால் ஒலிபெருக்கி போக வேண்டிய இடம் ஆடுகிறவர்களின் காலடி.

இவ்வளவு கணக்கையும் கேட்டு, இது பணக்காரர்களுடைய வித்தை என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. 1975-இல் இங்கிலாந்தின் குவீன் குழு ‘போஹீமியன் ராப்ஸடி’ பாட்டுக்கு எடுத்த படம் சில மணி நேரத்தில் முடிந்துபோன காரியம்; பாட்டை விற்பதற்குப் படம் எவ்வளவு துணைசெய்யும் என்பதை அது நிரூபித்தது. 2011 நவம்பரில் வெளியான ‘கொலவெறி’ பாட்டுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் நாலு பேர் நின்று பாடுவதற்கு மேல் காட்சி ஒன்றுமில்லை. அதுவே நாடு முழுவதும் சுற்றிற்று. 2021-இல் அறிவும் தீயும் பாடி, அமித் கிருஷ்ணன் இயக்கிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ இதற்கு நேர்மாறு. மண்ணும் மரமும் கூட்டமும் வர்ணமுமாக ஒவ்வொரு பிரேமும் நிரம்பி வழியும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டுத் தம் கையிருப்புக்கு எது ஒத்துவரும் என்று தீர்மானிப்பது நல்லது.

எடிட்டிங் மேஜைக்கு வந்ததும், வெவ்வேறு இடங்களில் எடுத்த துண்டுகளையெல்லாம் மூலப்பாட்டின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கிளாப் பலகை அடித்த பிரேமை வைத்து ஒவ்வொன்றையும் பாட்டோடு பொருத்தி, அதாவது சிங்க் செய்து, பிறகு வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை அகற்றுவார்கள். சரியாகத் தட்டிலேயே வெட்டுவதைவிட ஓரிரு பிரேம் முன்னதாக வெட்டினால், புதுக் காட்சியைக் கண் பற்றிக்கொள்ளும் சமயத்தில் தட்டு வந்து விழும். ஒவ்வொரு தட்டிலும் வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அரை நிமிஷத்துக்குள் பார்ப்பவருக்குத் தலை வலிக்கும். உதடும் பாட்டும் பிசகுவதில் நம் இந்திரியங்கள் காட்டும் பாரபட்சத்தையும் இங்கே கவனிக்க வேண்டும்: ஒலி படத்துக்கு முந்தினால் ஒரு பிரேமுக்குச் சற்று மேற்பட்டாலே உறுத்தும், பிந்தினாலோ மூன்று பிரேம் வரை பெரும்பாலும் தெரிவதில்லை. தொலைவில் விறகு பிளப்பவரின் கோடரி விழுந்த பிறகே சப்தம் கேட்டுப் பழகிய காதல்லவா! ஆதலால் சந்தேகம் வந்தால் படத்தை முன்னே விடுவது க்ஷேமம்.

மதிப்பீட்டு நாளில் கல்லூரி அரங்கின் புரொஜெக்டரும் ஒலிபெருக்கியும் தமக்கென்று ஒரு தாமதத்தைச் சேர்த்துக்கொள்ளக்கூடும். வீட்டில் பிசகின்றி இருந்த உதடு அங்கே பாட்டைத் துரத்திக்கொண்டு ஓடும். முதல் நாள் மாலையே அந்த அரங்குக்குப் போய், ஒரு கைத்தட்டு ஷாட்டை அதே கருவிகளில் ஓட்டிப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் அத்தனை பிரேமைத் தள்ளி இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். யூடியூபில் ஏற்றுவது தள்ளாத மூலப்பிரதி.